பிள்ளைகளுக்கென்று ஓர் அறை

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் எரிப்பிலிருந்தே தொடங்குவார்கள். எனக்கு அதன் பிறப்பிலிருந்து தொடங்கத்தான் விருப்பம். 1933ஆம் ஆண்டு, நீதிமன்றத்தில் உத்தியோகம் பார்த்த க. மு. செல்லப்பா தன் வீட்டில் இருந்த புத்தகங்களை ஊராருக்கு இரவல் கொடுக்கத் தொடங்கினார். கந்தோர் வேலை முடிந்து வந்த மனுசனுக்கு இது வீண்வேலை என்று அயலில் எவராவது சொல்லியிருக்கக் கூடும். அவர் நிறுத்தவில்லை. ஊரிலுள்ள படித்தவர்களிடம் வேண்டுகோள் விடுத்தார், குழு ஒன்று கூடியது, 1934 ஆகஸ்ட் 1ஆம் திகதி ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறையில் நூலகம் திறக்கப்பட்டது. அன்று அங்கே இருந்தவை 844 நூல்களும் முப்பதளவு பத்திரிகை, சஞ்சிகைகளும். அடுத்த ஆண்டு நகர சபை அதைப் பொறுப்பேற்றது.

நான் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பின்னறையில் ஒரு சிறுவர் நூலகம் நடத்துகிறேன். பின்னேரம் ரியூசன் முடிந்து பிள்ளைகள் நேரே இங்கே வருவார்கள். புத்தகம் கேட்டு வரும் பிள்ளையிடம் நான் முற்பணம் வாங்குவதில்லை. இடாப்பில் பெயரும் திகதியும் எழுதினால் போதும். செல்லப்பாவின் பெயர் எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

செல்லப்பாவின் அறை பெரிய கட்டடமாவதற்கு இருபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. யாழ்ப்பாணத்தின் முதல் நகரபிதா சாம் சபாபதி காலத்தில் களியாட்ட விழா நடத்திக் காசு சேர்த்தார்கள். புனித பத்திரிசியார் கல்லூரி அதிபராயிருந்த அயர்லாந்துக் குருவானவர் லோங் அடிகளார் அதற்காக ஓடித்திரிந்தார். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வந்து வரைபடம் போட்டார். இந்திய நூலகத்துறையின் தந்தை எஸ். ஆர். ரங்கநாதன் ஆலோசனை சொன்னார். 1954 மார்ச்சில் அடிக்கல், 1959 ஒக்டோபரில் திறப்பு. ரிக்கற் வாங்கிய சனத்தின் சில்லறைக் காசும் அந்தச் சுவர்களுக்குள் இருக்கிறது.

ஆனால் அந்தப் பெரிய கட்டடத்தில் சிறுவர் பகுதி திறந்தது 1967இல்தான். 844 நூல்களோடு தொடங்கிய நாளிலிருந்து கணக்குப் பார்த்தால் முப்பத்து மூன்று ஆண்டுகள். இது செல்லப்பாவின் குறையோ, மாநகர சபையின் குறையோ என்று நான் சொல்ல வரவில்லை. வாசிப்பு என்றால் பெரிய ஆட்களின் காரியம் என்று எங்கள் சமூகம் நெடுங்காலம் நினைத்திருந்தது.

ஊர் வாசிகசாலைகளும் அப்படித்தான் இருந்தன. நீண்ட மேசை, இரண்டு பக்கமும் வாங்கு, மேசையில் பத்திரிகைகள்: வீரகேசரியும் தினகரனும், பிறகு ஈழநாடும். எழுத்துத் தெரியாதவர்களுக்காக ஒருவர் உரத்து வாசிப்பார். பிள்ளைகள் யன்னலடியில் நின்று கேட்பார்கள், உள்ளே வந்தால் “போய்ப் பாடத்தைப் படியடா” என்று ஏச்சு விழும். பின்னாளில் வாசிகசாலை இருந்த பல சனசமூக நிலையங்களில் காலையில் முன்பள்ளி நடந்தது. பிள்ளைகள் மண்டபத்துக்குள் வந்துவிட்டார்கள், புத்தக அலுமாரி மட்டும் பூட்டியபடி இருந்தது.

இன்னொரு பூட்டையும் சொல்லாமல் விடமுடியாது. கோயிலும் கிணறும் தேநீர்க்கடையும் சாதியால் அடைக்கப்பட்டிருந்த மண்ணில் வாசிகசாலையும் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கள் குறிச்சிகளில் தாங்களே வாசிகசாலை கட்டிக்கொண்டார்கள். எழுத்தாளர் டொமினிக் ஜீவா சாதிப் பழிப்பைத் தாங்காமல் பள்ளிக்கூடத்தை விட்டவர். கஸ்தூரியார் வீதியில் முடிதிருத்தகத்தில் வேலை செய்துகொண்டே வாசித்தார், எழுதினார், சாகித்திய விருது பெற்றார், 1966 ஆகஸ்டில் ‘மல்லிகை’ சஞ்சிகையைத் தொடங்கி வீதி வீதியாகக் கொண்டுபோய் விற்றார். பள்ளிக்கூடம் கைவிட்ட ஒரு பிள்ளையைப் புத்தகம் கைவிடவில்லை. முற்பணம் கேட்கக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் கேட்பவர்களிடம் ஜீவாவைத்தான் காட்டுவேன்.

1981 ஜூன் மாதத் தொடக்கத்தில், மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்குச் சில நாட்கள் முன்னர், பொது நூலகம் எரிக்கப்பட்டது. தேர்தல் வேலைக்கென்று வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட பொலிஸார் நகருக்குள் நடமாடிய நாட்கள் அவை. ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் பூபாலசிங்கம் புத்தகசாலையும் அதே நாட்களில் எரிந்தன. ஏறத்தாழ 97,000 நூல்கள். ஏட்டுச்சுவடிகள், ஆனந்த குமாரசுவாமி, ஐசாக் தம்பையா போன்றோரின் சேகரிப்புகள் போனதை எழுதியிருக்கிறார்கள், எழுதவும் வேண்டும். சிறுவர் பகுதியில் எரிந்த புத்தகங்களைப் பற்றி எழுதினவர்கள் மிகக் குறைவு. சனிக்கிழமை காலையில் சைக்கிளில் வந்து படக்கதை எடுத்துப்போன பத்து வயதுப் பிள்ளைக்கு அந்த ஜூன் மாதம் என்ன ஆனது என்று கேட்கிறவர்களும் குறைவு.

அடுத்த ஆண்டே ஊர்கள் நூலக வாரம் நடத்தி ஆயிரக்கணக்கில் புத்தகம் சேர்த்தன. 1984இல் திருத்திய பகுதி திறந்தது, யுத்தம் அதையும் விடவில்லை. 1990க்குப் பிறகு அரசின் பொருளாதாரத் தடை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, ஜாம் போத்தலில் திரி போட்டு அந்த மங்கிய வெளிச்சத்தில் படித்தார்கள் எங்கள் அம்மாமார். கடதாசி இல்லாத நாட்களிலும் உதயன் பத்திரிகை ஏதோவொரு தாளில் அச்சாகி வந்தது. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் யுத்தத்தால் இடம்பெயர்ந்து வீதியில் இறங்கியபோது வாசிகசாலை அலுமாரிகளை யார் தூக்கிக்கொண்டு போவது? திரும்பி வந்தபோது சில ஊர்களில் கூரையும் இல்லை.

இன்றைய பூட்டு வேறு விதம். “இதை வாசிச்சால் புலமைப்பரிசிலுக்கு வருமோ பிள்ளை?” என்று தாய்மார் என்னிடம் கேட்கிறார்கள். வராது அக்கா என்றுதான் சொல்கிறேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் பின்னேரம் முழுவதையும் அந்தச் சோதனை தின்றுவிடுகிறது. பேய்க்கதை கேட்டு வரும் பிள்ளைக்கு நான் பேய்க்கதைதான் கொடுக்கிறேன். தானாகக் கேட்டு எடுத்த புத்தகத்தைத்தான் பிள்ளை முடிக்கிறது, அடுத்ததற்கும் வருகிறது.

இப்போது ஒரு வேலை தொடங்கியிருக்கிறேன். 1967க்கும் 1981க்கும் இடையில் பொது நூலகத்தின் சிறுவர் பகுதியில் அங்கத்தவராயிருந்தவர்கள் இன்று பேரப்பிள்ளை கண்டவர்கள். ஊரில் ஒவ்வொருவராகத் தேடிப்போய், அங்கே எடுத்து வாசித்த புத்தகங்களின் பெயரைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதுகிறேன். அம்புலிமாமாவைச் சொல்லாதவர் இல்லை. சோவியத் நாட்டில் தமிழில் அச்சாகிய வழுவழுப்பான படப் புத்தகங்களைச் சிலர் சொன்னார்கள். ஓர் ஐயா புத்தகத்தின் பெயரை மறந்துவிட்டார், கதை முழுவதையும் சொன்னார், அதையும் எழுதிக்கொண்டேன். பட்டியலிலுள்ள புத்தகங்களில் கிடைக்கிறவற்றைத் தேடி வாங்கி ஒரே தட்டில் அடுக்குகிறேன். பழைய வாசிகசாலை இடாப்புகள் கறையான் அரிக்காமல் எவர் வீட்டிலாவது இருந்தால் அவற்றையும் தாருங்கள், படம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருகிறேன். 2005 முதல் எங்கள் நூல்களை இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்கு அவற்றின் பிரதிகளை அனுப்பலாம் என்றிருக்கிறேன்.