கிரேன் கிராப் வழி மரம் அகற்றல்

கிரேன் கிராப் என்பது கிரேன் கையின் நுனியில் பொருத்தப்பட்டு, எண்ணெய் அழுத்தத்தால் திறந்து மூடும் இரும்புப் பிடி. மரவேலைக்கென உருவான வகையில் பிடியோடு ஒரு ரம்பமும் சேர்ந்திருக்கும். கொப்பை முதலில் இறுகப் பற்றி, பற்றிய நிலையிலேயே அறுத்து, அறுபட்ட துண்டை விழவிடாமல் தரைக்குக் கொண்டுவருவது அதன் வேலை. துறைமுகத்தில் நிலக்கரி அள்ளும் கிராப்பும், ஆலைகளில் கரும்பு தூக்கும் கிராப்பும் தமிழகத்துக்குப் பழக்கமானவை. நிற்கும் மரத்தை மேலிருந்து துண்டு துண்டாக இறக்கும் வகையோ இங்கே இன்னும் அரிது. விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் மரம் அகற்றல் என்றாலே சீமைக் கருவேலம்தான் நினைவுக்கு வருகிறது. அந்த வேலைக்கு இக்கருவி பெரிதும் பொருந்தாது. பட்டாசு ஆலைகள், வீடுகள், மின்கம்பிகள், சாலைகள் ஆகியவற்றின் மேல் சாய்ந்து நிற்கும் மரங்களுக்கே அது உரியது. அங்கும் அதன் மதிப்பை வேகத்தைக் கொண்டு அளக்கக் கூடாது. எத்தனை ஆட்களை ஆபத்திலிருந்து விலக்கி நிறுத்துகிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

அமைப்பும் இயக்கமும்

லாரியின் மேல் அமர்ந்த, மூட்டு மூட்டாக மடங்கும் கைகொண்ட கிரேனே இதற்கு ஏற்றது. கம்பிக் கயிற்றில் கொக்கி தொங்கும் சாதாரண கிரேனில் பிடி ஊசலாடும். மடங்கும் கையிலோ அதை வேண்டிய கோணத்தில் கொண்டுபோய் வைக்கலாம். கைநுனியில் சுழலி, அதன்கீழ் வளைந்த இரும்பு விரல்கள், பக்கத்தில் எண்ணெய் அழுத்தத்தில் ஓடும் சங்கிலி ரம்பம் என்பது பொதுவான அமைப்பு. பின்லாந்தின் மெக்கானில், நெதர்லாந்தின் ஜிஎம்டி ஆகியவை இத்தகைய கருவிகளைச் செய்யும் நிறுவனங்கள். இயக்குபவர் ரிமோட்டுடன் மரத்திலிருந்து விலகி நின்றே வேலை செய்யலாம். எவ்வளவு பெரிய துண்டை அறுக்கலாம் என்பதை ரம்பத்தின் நீளம் மட்டும் முடிவு செய்வதில்லை. கிரேன் எவ்வளவு தூரம் கை நீட்டியிருக்கிறது என்பதும் முடிவு செய்கிறது. 30 டன்-மீட்டர் திறனுள்ள கிரேன் கோட்பாட்டளவில் 6 மீட்டரில் 5 டன் தூக்கும், 15 மீட்டரில் 2 டன்தான் தூக்கும். அதிலும் கையின் எடையையும், சில நூறு கிலோ வரும் கிராப்பின் எடையையும் கழிக்க வேண்டும். 50 செ.மீ. விட்டமும் 3 மீட்டர் நீளமும் உள்ள பச்சை மரத்துண்டு ஏறத்தாழ 600 கிலோ இருக்கும். ஆகவே அறுக்கும் முன்பே எடையைக் கணித்து, கிரேனின் சுமை அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இத்தொழிலின் அடிப்படைத் திறமை.

பரவிய காரணம்

பழைய முறையில் ஒருவர் மரத்தில் ஏறி, கொப்பில் கயிறோ பெல்ட்டோ கட்டி, அதைக் கிரேன் கொக்கியில் மாட்டிவிட்டு, விலகி நின்று அறுப்பார். அறுபட்ட கணத்தில் துண்டு எந்தப் பக்கம் திரும்பும் என்பதில் அவர் உயிர் இருக்கிறது. ஏறுகிறவரைத் தாங்கும் அளவுக்காவது மரம் உறுதியாக இருந்தால்தான் இம்முறை செல்லும். மேலைநாடுகளில் அந்த நிபந்தனையே தகர்ந்தது. 2002இல் அமெரிக்காவின் மிச்சிகனில் கண்டறியப்பட்ட மரகதத் துளைப்பான் வண்டு அங்குள்ள ஆஷ் மரங்களைப் பெருமளவில் கொன்றது. பிரிட்டனில் 2012இல் கண்டறியப்பட்ட பூஞ்சை நோயும் ஆஷ் மரங்களையே தாக்கியது. செத்த ஆஷ் மரம் முறுகி எப்போது ஒடியும் என்று சொல்ல முடியாததாகிவிடும். அதில் ஏறுவது தற்கொலைக்கு ஒப்பு. ரம்பம் பொருந்திய கிராப்புக்கு அந்நாடுகளில் தேவை பெருகியதற்கு இத்தகைய மரங்கள் முக்கிய காரணம். இக்கருவியின் இயல்பான களம் காடன்று என்பதற்கு இந்த வரலாறே சான்று: ஏற முடியாத மரம், அதன் அடியில் விழக்கூடாத ஏதோ ஒன்று, இவை இரண்டும் கூடிய இடமே அதன் களம்.

சீமைக் கருவேலத்துக்கு ஏன் பொருந்தாது

1870களில் ஆங்கிலேயர் ஆட்சியில் இந்தியாவுக்கு வந்த சீமைக் கருவேலம், வைப்பாற்றுப் படுகையிலும் கண்மாய்களிலும் தரிசாய்ப் போன மானாவாரி நிலங்களிலும் அடர்ந்து நிற்கிறது. அரசியல் தலைவர் வைகோ தொடர்ந்த வழக்கில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017இல் தென்மாவட்டங்களில் இதை அகற்றுமாறு கடுமையாக உத்தரவிட்டதும், சூழல் விளைவுகள் ஆராயப்படவில்லை என்ற வாதத்தின் பேரில் அதே ஆண்டில் இடைக்காலத் தடை வந்ததும், 2022இல் தமிழக அரசு அயல் படையெடுப்புத் தாவரங்களுக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டதும் இம்மரத்தின் மீதான கவலையைக் காட்டும். ஆனால் இதன் சிக்கல் உயரத்தில் இல்லை, தூரில் இருக்கிறது. தரையோடு வெட்டினால் தூரிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும். ஆடு மாடுகள் தின்ற காயின் விதை சாணத்தோடு விழுந்து, ஆண்டுகள் கழிந்தும் முளைக்கும். பல தண்டுகளாகப் பிரிந்து தாழ்வாகப் படரும் இந்த முள்மரத்தை மேலிருந்து ஒவ்வொரு கொப்பாக இறக்குவது வீண்செலவு. தூரோடு பெயர்க்க ஜேசிபியோ ஹிட்டாச்சியோ வேண்டும். பெயர்த்த பின் முளைக்கும் கன்றுகளைப் பிடுங்கத் தொடர்ச்சியாக ஆள் வேண்டும். இங்கே கிராப்புக்கு ஒரு துணை வேலை மட்டுமே உண்டு. ஹிட்டாச்சியின் பக்கெட்டுக்குப் பதிலாகக் கிராப்பை மாட்டினால், கையைக் கிழிக்கும் முள்கட்டுகளை மண் சேராமல் அள்ளி வண்டியில் ஏற்றலாம். கரிமூட்டம் போடுவோருக்கும் மண் ஒட்டாத விறகே நல்லது.

தூரைப் பெயர்க்கக் கூடாத இடங்களும் இதே வட்டாரத்தில் உண்டு. கண்மாய்க் கரையில் வேரோடு பிடுங்கினால், குழியை நன்கு இறுக்கி மூடாதவரை, அடுத்த மழையில் அங்கேதான் நீர் கசியத் தொடங்கும். 2022 மார்ச்சில் தமிழகத் தொல்லியல் துறை அகழாய்வைத் தொடங்கிய வெம்பக்கோட்டை மேட்டுக்காடு போன்ற தொல்லியல் மேடுகளில், பெயர்க்கப்படும் ஒவ்வொரு வேரும் மண்ணடுக்குகளைக் கலைத்துவிடும்; சங்கு வளையலும் கண்ணாடி மணியும் எந்த அடுக்கில் கிடந்தன என்ற செய்தி அதோடு அழியும். இங்கெல்லாம் தரைமட்டத்தில் அறுத்து, இழுக்காமல் தூக்கி அப்புறப்படுத்துவதே முறை. கனரக வண்டியை மேட்டின் மேல் ஏற்றாமல் வெளியே நிறுத்திக் கை நீட்டும் கிராப் அதற்கு உதவும்.

பட்டாசு ஆலைப் பகுதியில் பயன்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பகுதிகளின் பட்டாசு ஆலைகளில் சிறு சிறு அறைகள் இடைவெளி விட்டுக் கட்டப்பட்டிருக்கும். வெடிபொருள் விதிகள் 2008இன்படி, மருந்து கையாளும் அறையில் நான்கு பேருக்கு மேல் இருந்து வேலை செய்யக் கூடாது. இவ்விதிக்குப் பின்னால் உள்ள நியாயம் எளியது: ஆபத்தை முற்றிலும் ஒழிக்க முடியாத இடத்தில், அதன் முன் நிற்கும் ஆட்களைக் குறைக்க வேண்டும். மரவேலையில் கிராப் செய்வதும் இதுதான். பட்டாசு மருந்து உராய்வுக்கும் அடிக்கும் வினைபுரிவது. அறையின் கூரைமேல் விழும் வேப்பங்கொப்பு வெறும் ஓட்டுச் சேதத்தோடு நின்றுவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. துண்டை விழவே விடாத கருவிக்கு இங்கே கூடுதல் மதிப்பு இருக்கிறது. பெட்ரோல் ரம்பத்தோடு ஒருவர் அறைக்கு மேலே அமர்ந்து அறுப்பதோடு ஒப்பிட்டால், சூடான இன்ஜினைப் பதினைந்து மீட்டர் தள்ளி லாரியிலேயே நிறுத்திவைக்கும் வசதியும் கிடைக்கிறது. ஆயினும் இதை நெருப்பற்ற கருவி என்று எண்ணிவிடக் கூடாது. மரத்தில் அறைந்த ஆணியில் சங்கிலி பட்டால் பொறி பறக்கும். எண்ணெய்க் குழாய் வெடித்துச் சூடான இன்ஜினில் தெளித்தால் தீப்பிடிக்கும். அறையிலும் சுற்றிலும் உள்ள மருந்தையும் சரக்கையும் முழுமையாக அப்புறப்படுத்தி, உற்பத்தியை நிறுத்தி, காய்ந்த சருகைக் கூட்டிய பிறகே கிரேன் உள்ளே வர வேண்டும்.

மறுப்புகளும் விடைகளும்

முதல் மறுப்பு, கிரேனே ஓர் ஆபத்து என்பது. இது உண்மை, இவ்வட்டாரத்தின் கரிசல் மண் அதை மேலும் கூர்மையாக்குகிறது. கரிசல் நனைந்தால் பொங்கிக் குழையும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். கிரேன் நான்கு பக்கமும் ஊன்றும் கால்களில் ஒன்று சில அங்குலம் புதைந்தாலும், நீட்டிய கையின் நுனி அதைப் போலப் பல மடங்கு இறங்கி, வண்டி கவிழும் நிலைக்குப் போகும். அகலமான மரப்பலகைகளையோ இரும்புத் தகடுகளையோ காலடியில் இட்டுப் பாரத்தைப் பரப்புவதும், வடகிழக்குப் பருவமழை மாதங்களில் மண்தரையில் கிரேனை நிறுத்தாததும் இங்கே கட்டாயம். மின்கம்பி அருகில் வேலை என்றால், மின்வாரியம் இணைப்பைத் துண்டித்ததை உறுதி செய்த பிறகே கையை உயர்த்த வேண்டும். இந்த ஆபத்துகள் அனைத்தும் வேலை தொடங்கும் முன்பே கண்ணுக்குத் தெரிபவை, அளக்கக் கூடியவை. மரத்தின் உள்ளே கறையான் தின்ற பொந்து அப்படிப்பட்டதன்று. தெரியாத ஆபத்துக்குப் பதில் தெரிந்த ஆபத்தை ஏற்பது முன்னேற்றமே.

இரண்டாவது, கோடாலியும் கயிறுமாகப் பிழைக்கும் மரவெட்டிகளின் கூலி போய்விடும் என்பது. கருவேலங்காட்டு வேலையில் அந்தக் கூலிக்கு இக்கருவியால் ஆபத்தில்லை. பொருந்தாத இடத்துக்கு யாரும் அதிக வாடகை கொடுத்துக் கிரேனைக் கொண்டுவர மாட்டார்கள். கட்டடத்தின் மேல் சாய்ந்த மரத்திலோ, எந்தக் கொப்பு எப்படித் திரும்பும், எங்கே பிடித்தால் எடை சமமாகும் என்று அறிந்தவர் இன்றும் மரவெட்டிதான். அவரை மரத்திலிருந்து இறக்கி, பயிற்சி தந்து, கிரேன் ஓட்டுநருக்கு வழிகாட்டியாகத் தரையில் நிறுத்துவது கூலியையும் காக்கும், உயிரையும் காக்கும். மூன்றாவது, செலவு. தனியொருவரால் இதைத் தாங்க முடியாது என்பதில் ஐயமில்லை. ஆனால் 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலும், 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் காவிரிப் படுகையிலும் மரங்களை வீழ்த்தியபோது, மின்சாரத்தையும் சாலையையும் மீட்கும் பணி எத்தனை ஆட்களையும் இயந்திரங்களையும் கேட்டது என்பதைத் தமிழகம் கண்டது. புயல்காலத்தில் மாவட்டம் விட்டு மாவட்டம் அனுப்பக்கூடிய பொதுக் கருவியாக அரசு வைத்துக்கொண்டால், மற்ற மாதங்களில் ஆலைகளும் உள்ளாட்சிகளும் வாடகைக்கு எடுக்கலாம்.

நான்காவது மறுப்பே வலுவானது: வெட்டுவது எளிதானால் வெட்டப்படும் மரங்கள் கூடும். நிழல் குறைந்த விருதுநகர் மாவட்டத்தில் இதைத் தட்டிக்கழிக்க முடியாது. இதற்கு விடை கருவியிடம் இல்லை, அனுமதியிடம் இருக்கிறது. பொது இடத்து மரங்களுக்கு ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது; பனையை வெட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை அறிவித்தது. கிராப் வரும் நாளுக்கு முன் அந்த அனுமதி கையில் இருக்க வேண்டும். மேலும், பழைய முறையில் முழு மரத்தையும் சாய்ப்பது தவிர வேறு வழி இல்லாதிருந்த இடத்தில் ஒற்றைக் கொப்பை மட்டும் பாதுகாப்பாக நீக்கிவிட்டு மரத்தை நிற்கவிட இக்கருவியால் முடியும். சரியாகக் கையாண்டால் அது சில மரங்களைக் காப்பாற்றவும் செய்யும்.

மதிப்பீடு

வெம்பக்கோட்டை வட்டாரத்தில் கிரேன் கிராப்பைச் சீமைக் கருவேல ஒழிப்பின் விடையாக முன்வைப்பது தவறு. அந்தப் பணி தூரைப் பெயர்க்கும் இயந்திரத்துக்கும், ஆண்டுதோறும் கன்று பிடுங்கும் கைகளுக்கும் உரியது. ஆலை அறைகள், மின்தடங்கள், பள்ளிகள், சாலைகள் ஆகியவற்றின் மேல் சாய்ந்த பட்ட மரங்களையும் பொந்து விழுந்த மரங்களையும் இறக்க அதைவிடப் பாதுகாப்பான வழி இன்று இல்லை. எடைக் கணக்கு, கரிசலுக்கேற்ற காலூன்றல், மருந்து அகற்றிய வளாகம், மின்துண்டிப்பு, வெட்டும் அனுமதி ஆகிய ஐந்தும் உறுதியான இடத்தில் மட்டுமே இக்கருவியைப் பயன்படுத்த வேண்டும். ஒன்று குறைந்தாலும் வேலையைத் தள்ளிவைப்பதே சரி.