வெண்ணெய்க்கு வந்த போட்டி

இறைச்சி மட்டுமல்ல, பால், நெய், முட்டை, தேன் எதையும் தொடாமல் சமைப்பதை "வீகன்" சமையல் என்கிறார்கள். இந்தச் சொல்லை 1944ல் உருவாக்கியவர் டொனால்ட் வாட்சன் என்ற ஆங்கிலேயர். இந்த வழிக்கு மாறுபவர்கள் முதலில் திண்டாடுவது பாலுக்கும் வெண்ணெய்க்கும்தான். கறியை விட்டுவிடலாம், வெண்ணெயின் ருசியை விடுவது கஷ்டம்!

ஆனால் "வெண்ணெய்க்குப் பதிலாக என்ன?" என்ற கேள்வி அந்தச் சொல்லை விடப் பழையது. அதை முதலில் பெரிய அளவில் கேட்டவர் ஒரு சக்கரவர்த்தி. அவர் கேட்டது மாடுகளின் மேல் இருந்த இரக்கத்தால் அல்ல, விலைவாசியால்.

சக்கரவர்த்தி அறிவித்த பரிசு

1860களில் பிரான்சில் நகரங்கள் வேகமாக வளர்ந்தன. வெண்ணெய் போதவில்லை, விலை ஏறியது. கடற்படைக்கும் ஏழை மக்களுக்கும் ஏற்ற, மலிவான, சீக்கிரம் கெட்டுப்போகாத ஒரு மாற்றைக் கண்டுபிடிப்பவருக்குப் பரிசு தருவதாக மூன்றாம் நெப்போலியன் அறிவித்தார். இப்போலித் மேஜ்-மூரியே என்பவர் 1869ல் அதைச் செய்து காப்புரிமை பெற்றார்.

அவர் எடுத்துக்கொண்டது மாட்டுக் கொழுப்பு. அதை மெல்லிய சூட்டில் உருக்கி, இளகிய பகுதியைப் பிரித்து, பாலோடு சேர்த்துக் கடைந்தார். முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த "மார்கரின்" என்பது அதன் பெயர் ஆயிற்று. ஆக, உலகின் முதல் "மாற்று வெண்ணெய்" ஒரு வீகன் தொடவே முடியாத பொருள்!

மேஜ்-மூரியே 1880ல் இறந்துபோனார். லாபம் பார்த்தவர்கள் டச்சு வியாபாரிகள். ஓஸ் என்ற ஊரைச் சேர்ந்த யூர்கென்ஸ் குடும்பம் 1871ல் இந்தச் செய்முறையை வாங்கியது. அதே ஊரில் வான் டென் பெர்க் குடும்பமும் போட்டிக்கு இறங்கியது. இரண்டு குடும்பங்களுமே அதுவரை வெண்ணெய் வியாபாரிகள் என்பதுதான் வேடிக்கை. பல வருடம் மோதிக்கொண்ட இரு கம்பெனிகளும் 1927ல் ஒன்றாயின. அடுத்து இங்கிலாந்தின் சோப்புக் கம்பெனியான லீவர் பிரதர்ஸோடு 1929ல் ஒப்பந்தம் போட்டன. சோப்புக்கும் மார்கரினுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டுக்கும் மூலப்பொருள் கொழுப்பு! ஒரே சரக்கை வாங்கப் போட்டி போட்டு விலையை ஏற்றுவதை விடக் கூட்டாளியாகிவிடுவது மேல் என்று முடிவு செய்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் யூனிலீவர்.

நிறத்துக்கு ஒரு வரி

மார்கரின் அமெரிக்காவுக்குப் போனதும் பால் பண்ணைக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். 1886ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. மார்கரின் பவுண்டுக்கு 2 சென்ட் வரி. தயாரிப்பவர் ஆண்டுக்கு 600 டாலர், மொத்த வியாபாரி 480 டாலர், சில்லறைக் கடைக்காரர் 48 டாலர் லைசென்ஸ் கட்டணம் கட்ட வேண்டும். அந்தக் காலத்தில் ஒரு சின்னக் கடைக்கு 48 டாலர் என்பது பெரிய தொகை.

1902ல் சட்டம் மாறியது. மஞ்சள் நிறம் சேர்த்த மார்கரினுக்குப் பவுண்டுக்கு 10 சென்ட், சேர்க்காததற்குக் கால் சென்ட். பொருள் ஒன்று, நிறத்துக்கு ஏற்ப நாற்பது மடங்கு வரி! கம்பெனிகள் என்ன செய்தன? வெள்ளை மார்கரினோடு சாயத்தைத் தனியாகக் கொடுத்தன. வாங்கிப்போனவர்கள் வீட்டில் பிசைந்து மஞ்சளாக்கிக்கொண்டார்கள்.

சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி மேலே போயின. மார்கரினுக்கு இளஞ்சிவப்புச் சாயம் பூசித்தான் விற்க வேண்டும் என்றன. ரோஸ் நிறத்தில் இருப்பதை ரொட்டியில் தடவ யாருக்கு மனசு வரும்? நியூ ஹாம்ப்ஷையரின் அந்தச் சட்டத்தை 1898ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. மத்திய அரசின் மார்கரின் வரி போனது 1950ல். விஸ்கான்சின் மாநிலம் மஞ்சள் மார்கரினுக்கு வழி விட்டதோ 1967ல்தான்.

இதில் ஒரு விஷயம் உண்டு. பசும்புல் கிடைக்காத குளிர்காலத்தில் வெண்ணெயும் வெளிறித்தான் இருக்கும். பண்ணைக்காரர்களும் அதில் சாயம் கலந்துதான் விற்றார்கள்!

எண்ணெய் கெட்டியான கதை

மாட்டுக் கொழுப்பும் தட்டுப்பாடானது. தாவர எண்ணெய் நிறையக் கிடைத்தது, ஆனால் அது உறையாதே! இதற்கு வழி கண்டவர் ஜெர்மனியின் வில்ஹெல்ம் நார்மன். சூடான எண்ணெயில் நிக்கல் தூளைச் சேர்த்து ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால் அது கெட்டியாகும். அவருடைய ஜெர்மன் காப்புரிமை 1902ஆம் ஆண்டுக்குரியது. 1911ல் பருத்திக்கொட்டை எண்ணெயிலிருந்து "கிரிஸ்கோ" அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பாலையும் இறைச்சியையும் சேர்த்து உண்ணாத யூதர்களுக்கு இது ஒரு வரமாக அமைந்தது. இரண்டுமே இல்லாததால் எதனுடனும் சேர்த்துச் சமைக்கலாம்.

ஆனால் இந்த முறையால் கெட்டியானது தாவர எண்ணெய் மட்டும் அல்ல. ஐரோப்பாவில் திமிங்கில எண்ணெயும் பெருமளவில் மார்கரினாயிற்று. "வெண்ணெய் இல்லை" என்பதற்கு "விலங்கு இல்லை" என்று அர்த்தம் இல்லை!

டால்டா டப்பா

இந்தியாவுக்கு இது "வனஸ்பதி" என்ற பெயரில் வந்தது. லீவர் கம்பெனி பம்பாயில் தொழிற்சாலை தொடங்கியது. 1937ல் வந்த பிராண்டுதான் டால்டா. "டாடா" என்ற டச்சு இறக்குமதியாளரின் பெயருக்கு நடுவே லீவரின் "ல்" நுழைந்து டால்டா ஆனதாகச் சொல்வார்கள். மஞ்சள் டப்பா, அதில் பச்சைப் பனைமரம். யார் தயாரித்தாலும் வனஸ்பதிக்கு "டால்டா" என்றே பெயர் நிலைத்தது. காலி டப்பாவில் துளசிச் செடி வைத்த வீடுகள் எத்தனையோ!

இங்கும் எதிர்ப்பு வந்தது. காந்தியடிகளே வனஸ்பதியை எதிர்த்து எழுதினார். நெய்யில் கலந்து ஏமாற்றுகிறார்கள் என்பது பெரிய புகார். அதற்கு அரசு கண்ட வழி சுவாரஸ்யமானது. எல்லா வனஸ்பதியிலும் குறைந்தது 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்க்க வேண்டும் என்று விதி வந்தது. காரணம், நல்லெண்ணெய் கலந்த பொருளில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃபியூரலும் சேர்த்துக் குலுக்கினால் இளஞ்சிவப்பு நிறம் வரும். நெய் சிவந்தால் கலப்படம்! அமெரிக்காவில் பூசச் சொன்ன அதே ரோஸ் நிறம், இங்கே உள்ளே ஒளித்து வைக்கப்பட்டது.

யாரும் பார்க்காத இடம்

ஆக, நிறத்தைப் பற்றியும் பெயரைப் பற்றியும் உலகம் முழுக்கப் பல ஆண்டுகள் சண்டை நடந்தது. உண்மையான ஆபத்தோ வேறு இடத்தில் இருந்தது. எண்ணெயைப் பாதி மட்டும் கெட்டிப்படுத்தும்போது "டிரான்ஸ் கொழுப்பு" உண்டாகிறது. அது கெட்ட கொழுப்பைக் கூட்டி, நல்ல கொழுப்பைக் குறைக்கிறது என்று நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990ல் காட்டினார்கள். நார்மனின் காப்புரிமைக்கு 88 ஆண்டுகள் கழித்து! இந்தியாவில் எண்ணெய், கொழுப்புகளில் இதன் அளவு 2021ல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் கட்டுப்படுத்தப்பட்டது.

"இது அசல் இல்லை, போலி" என்று கத்தியவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை. அவர்கள் கவலை உடம்பைப் பற்றியதைவிட வியாபாரத்தைப் பற்றியதாகவே இருந்தது. ஆதரித்தவர்களும் "வெண்ணெய் மாதிரியே இருக்கிறதா?" என்று பார்த்தார்களே தவிர, "உள்ளே என்ன ஆகிறது?" என்று கேட்கவில்லை.

அந்தச் சண்டை இன்றும் ஓயவில்லை. தாவரப் பொருளைப் "பால்", "வெண்ணெய்" என்று சொல்லி விற்கக் கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2017ல் தீர்ப்பளித்தது. தேங்காய்ப்பால் போன்ற சில பழைய பெயர்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. தமிழுக்கு இந்தக் குழப்பமே புரியாது. தேங்காயைப் பிழிந்தால் பால். வெண்மையான நெய் வெண்ணெய். எள்ளின் நெய் எண்ணெய். மாட்டிலிருந்து வந்தாலும் செடியிலிருந்து வந்தாலும் நெய் நெய்தான்!

இதில் இன்றைய வீகன் சமையலுக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பாலும், இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெயும் எதைப் போலவும் நடிப்பதில்லை. அவற்றின் ருசி அவற்றுக்கே உரியது. கடையில் "வெண்ணெய் போலவே" என்று எழுதிய டப்பாவை எடுக்கும்போது முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. டப்பாவைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும். மார்கரினின் கதை சொல்வது அதைத்தான்.