வாயில்லா உயிருக்கு ஒரு சீப்பு

நாய்க்கு வாரும் எஃகுச் சீப்பைக் காட்டியே மாணவர்களுக்கு நான் தொழில் வரலாற்றைத் தொடங்குவதுண்டு. அதன் மூதாதை, மனிதர் தலைவாரிய கொம்புச் சீப்பு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து லியோமின்ஸ்டர் நகரில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீப்புத் தொழில் வேரூன்றியது. மாட்டுக் கொம்பைச் சூட்டில் இளக்கி, அழுத்தித் தட்டையாக்கி, பற்களை அறுத்தனர். 1870இல் ஜான் வெஸ்லி ஹயாட் காப்புரிமை பெற்ற பொருள், செல்லுலாய்டு எனும் பெயரில் பின்னர் கொம்பின் இடத்தைப் பிடித்தது. ஆனால், எளிதில் தீப்பற்றும்.

உலோக விலங்குச் சீப்புகள் பலவற்றில் பற்களை அறுப்பதில்லை. எஃகு ஊசிகளைத் தண்டில் வரிசையாகப் பதிக்கின்றனர். பொருளும் முறையும் மாறின. பல்முனையை மழுக்கி மெருகேற்றும் வேலை மட்டும் மாறவில்லை. அதில் குறை நேர்ந்தால் தோல் கீறும். நாம் வலியைச் சொல்லிவிடுவோம், நாயால் இயலாது. கைத்தொழிலில் நேர்மை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதனினும் எளிய சான்று வேண்டுமா?