பள்ளி ஆசிரியரும் ஒரு மாலை நேர இசைக்குழுவும்



"வேலை, வீடு என்று ஓடுகிறோம். இந்த வயதில் பாட்டும் வயலினும் எதற்கு?" என்று நினைப்பவரா நீங்கள்? அப்படியென்றால் லண்டனில் வாழ்ந்த இந்த ஆசிரியரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1874இல் இங்கிலாந்தின் செல்ட்டன்ஹாமில் பிறந்தார். பியானோ கலைஞராக ஆசைப்பட்டார். வலது கையில் வந்த நரம்புக் கோளாறு அதற்கு இடம் தரவில்லை. சில காலம் டிராம்போன் ஊதிப் பிழைத்தார். 1905இல் செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளியில் இசை ஆசிரியரானார். 1934இல் இறக்கும்வரை அந்தப் பணியை விடவில்லை.

1907 முதல் இன்னொரு பொறுப்பும் சேர்ந்தது. தெற்கு லண்டனில் உள்ள மோர்லி கல்லூரி, பகலெல்லாம் உழைப்பவர்கள் மாலையில் வந்து படிக்கும் இடம். அங்கே அவர்களைக் கொண்டே பாடகர் குழுவையும் இசைக்குழுவையும் நடத்தினார்.

அவர்களிடம் எளிதான பாட்டோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. பர்செல் 1692இல் இசையமைத்த 'தி ஃபேரி குயீன்' நாடகத்தின் இசைப்பிரதி இருநூறு ஆண்டுகள் காணாமல் போய், அப்போதுதான் கிடைத்திருந்தது. அதை மேடையேற்ற வேண்டுமானால் ஒவ்வொரு வாத்தியத்துக்கும், ஒவ்வொரு குரலுக்கும் தனித்தனித் தாள் வேண்டும். ஜெராக்ஸ் இல்லாத காலம். மாணவர்களே உட்கார்ந்து சுமார் 1500 பக்கங்களைக் கையால் எழுதினார்கள். ஏறக்குறைய ஒன்றரை ஆண்டு ஆயிற்று. 1911 ஜூன் 10 அன்று, 17ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு முதன்முறையாக அந்த இசை மீண்டும் ஒலித்தது. பெரிய கலைஞர்கள் செய்யாததை, வேலை முடிந்து வந்தவர்கள் செய்தார்கள்.

பள்ளியின் இசைக்குழுவுக்காகவே 'செயின்ட் பால்ஸ் சூட்' எழுதினார். உலகப் புகழ் தந்த 'தி பிளானட்ஸ்' கூட வார இறுதியிலும் விடுமுறையிலும் பள்ளியின் இசை அறையில் உருவானதுதான். கை வலித்தபோது உடன் பணியாற்றிய ஆசிரியைகள் எழுதிக் கொடுத்தார்கள். 1918இல் அது முதலில் வாசிக்கப்பட்டபோது, கடைசிப் பகுதியில் பாடியவர்கள் அவருடைய மாணவிகள். புகழ் வந்த பிறகும் அவர் வகுப்பறைக்குத்தான் திரும்பினார்.

உங்கள் வீட்டுப் பரணில் வீணையோ புல்லாங்குழலோ தூங்குகிறதா? இறக்கித் தூசி தட்டுங்கள். நம் கட்டடத்தில் இன்னும் யாரிடம் என்ன வாத்தியம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஹோல்ஸ்ட்டின் இசைக்குழுவும் வேலை முடிந்து வந்தவர்களால்தான் உருவானது.