கோடாங்கியும் குறும்பரும்

"யாரு நீ? எந்த ஊரு? எப்படிச் செத்தே?" உடுக்கையை அடித்துக்கொண்டே பேயோட்டும் கோடாங்கி கேட்பார். தலைவிரித்து ஆடும் பெண்ணின் வாயிலிருந்து பதில் வரும். கிணற்றில் விழுந்தவளோ, தூக்கில் தொங்கியவனோ, செத்தவரின் கதை முழுவதும் வெளியே வந்தபிறகுதான் பேரம் தொடங்கும். சத்தியம் வாங்கி, உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணியடித்தால் பேய் போய்விடும்.

சமவெளியின் இந்த முறை, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் பிழைக்கப் போனவர்களோடு கடல் கடந்தது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களில் பலர் நீலகிரிக்கு வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கவே 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது.

அந்த மலையில் அவர்களுக்கு வெகுகாலம் முன்பே இன்னொரு வைத்தியர் நடந்துகொண்டிருந்தார். சரிவுக் காடுகளில் வாழும் குறும்பர் பழங்குடியைச் சேர்ந்த அவர் தேனும் மூங்கிலும் மூலிகையும் கொண்டு மேலேறி வருவார். மலைமேல் பயிர் செய்யும் படுகர் ஊர்களில் விதைப்புக்கு முன் சடங்கு செய்வார், நோய்க்கு மருந்து தருவார், ஊருக்குக் காவலாகவும் இருப்பார். கூலி தானியமாக வரும்.

இருவருமே மனிதருக்கும் ஆவிகளுக்கும் நடுவில் நிற்பவர்கள். ஆனால் கதையை யார் சொல்கிறார், யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கோடாங்கி முன்னால் பேய்க்கு ஒரு பெயர் உண்டு, ஊர் உண்டு. பழி செத்தவர் மேல் விழுகிறது. குறும்பர் விஷயத்தில் கதை சொன்னவர்கள் அக்கம்பக்கத்தார். குறும்பர் விலங்காக உருமாறுவார், பார்வையாலேயே ஆளைச் சாய்ப்பார் என்று பேசினார்கள். மருந்து தெரிந்தவருக்கு நோயை ஏவவும் தெரியும் என்று நம்பினார்கள். பழி உயிரோடிருக்கும் மனிதர் மேல் விழுந்தது.

அதன் விலையைத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் காணலாம். 1835இல் மட்டும் 48 குறும்பர்கள் கொல்லப்பட்டார்கள். 1875இலும் 1882இலும் மறுபடி கொலைகள். 1900இல் ஒரு குடும்பமே அழிக்கப்பட்டது. குடும்பத் தலைவர் பெயர்பெற்ற வைத்தியர், ஒரு படுகர் ஊருக்கு நோயையும் சாவையும் கொண்டுவந்தவர் அவரே என்று ஊரார் நம்பியிருந்தார்கள். கைராசிக்காரர் என்ற பெயரே அவரைக் காட்டிக்கொடுத்தது. தர்ஸ்டனின் அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு பதறுகிறது.

கோடாங்கியை மெச்சுவதற்காக இதைச் சொல்லவில்லை. பேயோட்டும் பேரில் பெண்கள் பட்ட அடி கொஞ்சமல்ல. ஆனாலும் அந்தச் சடங்கில், வீட்டில் வாய் திறக்க முடியாத மருமகள் பேயின் குரலில் தன் குறையையும் சேர்த்துச் சொல்லிவிட முடிந்தது. அவள் சொல்வதை ஊரே உட்கார்ந்து கேட்டது. "நீ யார், உனக்கு என்ன நேர்ந்தது?" என்று குறும்பரிடம் கேட்க அப்படியொரு சடங்கு இருக்கவில்லை. குறும்பரில் ஒரு பிரிவினரான ஆலு குறும்பரின் மொழியையும் கதைகளையும் அவர்கள் வாயாலேயே கேட்டு டீட்டர் கப் என்ற ஜெர்மன் அறிஞர் எழுதிவைத்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான்.