கமராவின் நடுக்கம் தீர்ந்த வரலாறு

யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் ஏ-9 நெடுஞ்சாலையிலிருந்து முல்லைத்தீவு வீதி பிரிந்து செல்லும் சந்தியே பரந்தன். ஆனையிறவு உப்பை மூலப்பொருளாகக் கொண்டு இயங்கிய இரசாயனத் தொழிற்சாலையால் ஒரு காலத்தில் நாடறிந்திருந்த இவ்வூர், 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் வடபகுதியைச் சூழ்ந்த பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டது. பெற்றோல் அரிதாயிற்று, மின்கலம் கிடைக்கவில்லை, மின்சாரமும் நின்றது. ஆயினும் மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, தைனமோவிற் பிறந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். சில துளி பெற்றோலால் மோட்டார் சைக்கிளை உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டினர். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் மண்ணெண்ணெயும் இட்டு விளக்கேற்றினர். இவற்றை இடர்க்காலத்து வேடிக்கைகள் என ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. கருவிகளின் வரலாற்றில் இத்தகைய உத்திகளுக்கு உரிய இடம் உண்டு. திரைப்படக் கமராவின் நடுக்கத்தைப் போக்குதற்கு உலகின் பல பாகங்களிலும் நிகழ்ந்த முயற்சிகளை நோக்கின் இவ்வுண்மை புலனாகும். அங்கும் துவிச்சக்கர வண்டி இடையிடையே தலைகாட்டுவது சுவையானதொரு பொருத்தமே.

தொடக்ககாலக் கமராவைக் கைப்பிடி சுழற்றியே இயக்க வேண்டியிருந்தது. ஒரு கை சுழல, மறு கை மட்டும் அதனைத் தாங்குதல் இயலாது; ஆதலால் முக்காலியை விட்டு அது நகரவில்லை. இந்தத் தளையை அறுத்தவர்களுள் போலந்து நாட்டவரான காசிமியெர்ஸ் புருஷின்ஸ்கி முதன்மையானவர். 1910ஆம் ஆண்டளவில் அவர் உருவாக்கிய ‘ஏரோஸ்கோப்’ கமரா அழுத்திய காற்றினால் இயங்கியது. அக்காற்றை அடைத்ததோ துவிச்சக்கர வண்டிக்குக் காற்றடிப்பதை ஒத்த கைப்பம்பு! உள்ளே சுழன்ற சுழல்காட்டி, கையின் நடுக்கத்தை ஓரளவு அடக்கிற்று. முதலாம் உலகப் போரின் களங்களுக்குப் பிரித்தானிய ஒளிப்பதிவாளர் இதனைச் சுமந்து சென்றனர். இத்துணை அரிய கருவியைத் தந்தவர் 1945இல் நாஜிகளின் மவுத்தவுசன் முகாமில் மாண்டார்.

1924இல் ஜேர்மனியில் முர்னோ இயக்கிய ‘கடைசி மனிதன்’ படத்தில் ஒளிப்பதிவாளர் கார்ல் புரொயின்ட் கமராவை மார்போடு கட்டிக்கொண்டு தள்ளாடினார். குடிபோதையின் மயக்கம் திரையில் அப்படியே தெரிந்தது. அதே படத்தில் தங்கு விடுதியின் முன்மண்டபத்தைத் துவிச்சக்கர வண்டியில் அமர்ந்தபடியே படமாக்கினார். 1959இல் கோதார் தமது முதல் முழுநீளப் படத்தைப் பாரிஸில் ஏறக்குறைய நான்கு வாரங்களில் எடுத்து முடித்தபோது, தண்டவாளம் அமைக்கப் பணமும் இல்லை, பொழுதும் இல்லை. ஒளிப்பதிவாளர் ராவுல் குத்தாரைச் சக்கர நாற்காலியில் இருத்தி இயக்குநரே தள்ளிச் சென்றார். சனநெருக்கம் மிக்க வீதியில் அஞ்சல் வண்டி ஒன்றுக்குள் கமரா மறைந்து கொண்டது. வறுமைக்கும் அவசரத்துக்கும் ஒருங்கே விடை கண்ட முயற்சி இது எனலாம்.

எனினும் படிக்கட்டிலும் கரடுமுரடான நிலத்திலும் சக்கரம் உதவாது. அக்குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவைச் சேர்ந்த கரெட் பிரவுண். சிறியதொரு கமராவை நகர்த்த எண்ணூறு இறாத்தல் எடையுள்ள வண்டியை உருட்டிச் சலித்த அவர், 1970களின் முற்பகுதியில் விடுதி அறையொன்றில் ஒரு வாரமளவும் தம்மை அடைத்துக்கொண்டு இச்சிக்கலுக்கு வழி தேடினார். அவர் கண்ட நியாயம் தராசுக்கோலை அறிந்தவர்க்குப் புதிதன்று. ஒரு கோலின் உச்சியில் கமராவையும் அடியில் எதிர்ப்பாரத்தையும் வைத்தால், இரண்டையும் சேர்த்த பாரத்தின் மையம் கமராவுக்குள் இராது. கோலில் கைபிடிக்கக்கூடிய ஓரிடத்துக்கு இறங்கிவிடும். அந்த மையத்தில் தடையின்றிச் சுழலும் பிடியால் தாங்கினால், கை திருகினாலும் கோல் திருகாது. பாரம் கோலின் இரு முனைகளுக்கும் விலகியிருத்தலால் திடீர்த் திருப்பத்தையும் அது எளிதில் ஏற்பதில்லை. கிணற்றுத் துலா பெரும்பாரத்தையும் இலேசாக ஏற்றி இறக்குவதற்கு அச்சின் இருபுறமும் பாரம் ஒத்திருத்தலே காரணம் என்பது ஈண்டு நினையத்தக்கது. மேலுங் கீழுமான குலுக்கலை மட்டும் கோல் நீக்காது. அதற்காகவே பிரவுண் உடலோடு பொருத்திய வில்சுருள் கையொன்றைச் சேர்த்தார். 1976இல் வெளிவந்த ‘பவுண்ட் ஃபோர் குளோரி’, ‘றொக்கி’ ஆகிய படங்கள் ‘ஸ்டெடிக்காம்’ எனும் இக்கருவியின் ஆற்றலை உலகுக்குக் காட்டின; 1978இல் ஒஸ்கார் விருதும் கிடைத்தது. 1980இல் வந்த ‘த ஷைனிங்’ படத்தில் சிறுவன் முச்சக்கர வண்டி ஓட்டும் புகழ்பெற்ற காட்சிக்கு அதே பிரவுண் தமது கருவியுடன் சக்கர நாற்காலியிலேயே அமர்ந்து சென்றார் என்பது கோதாரின் அன்பர்களை மகிழ்விக்கக்கூடிய செய்தி.

விலையுயர்ந்த இக்கருவி ஏழைக் கலைஞருக்கு எட்டவில்லை. ‘த ஈவில் டெட்’ (1981) படத்தை எடுத்த இளைஞர் சாம் ரெய்மி, நீண்ட மரச்சட்டத்தின் நடுவே கமராவைப் பொருத்தி, இரு முனைகளையும் இருவர் பிடித்துக் காட்டினூடே ஓடச் செய்தார். ஒருவர் கை தாழ்ந்தாலும் நடுவிலுள்ள கமரா அதிற் பாதியே தாழும். அகலக் கோண வில்லை எஞ்சிய குலுக்கலை மறைத்துவிடும். பின்னர் 2000களில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவராயிருந்த ஜொனி சுங் லீ, நாகம் பூசிய நீர்க்குழாய்த் துண்டுகள், ஒரு ‘டீ’ இணைப்பு, இரண்டரை இறாத்தல் உடற்பயிற்சி எடை ஆகியவற்றைக் கொண்டு பதினான்கு டொலர் செலவில் ஒன்றைச் செய்து அதன் முறையையும் யாவர்க்கும் வழங்கினார். பிரவுணின் வில்சுருள் கை அதில் இல்லை. அவ்வேலையை மனிதனின் முழங்கையும் முழங்காலும் செய்ய வேண்டும்.

பாதைத் தடை தளர்ந்த 2002க்குப் பின் வன்னியிலும் திரைப்பட முயற்சிகள் பெருகின. 2006இல் வெளியான ‘ஆணிவேர்’ அம்மண்ணிலேயே படமாக்கப்பட்டது. பரந்தன் போன்ற வயற்புறத்தில் எடுக்கப்படும் படத்துக்குத் தண்டவாளம் பெரும்பாலும் பயன்படாது. வரம்பின் அகலம் ஓரடியளவே. அங்கு நடக்கும் பாத்திரத்தைப் பின்தொடர வேண்டின் லீயின் குழாயே தக்க துணை. அதற்கான குழாய் கட்டடப் பொருட் கடையில் உண்டு; தடையின்றிச் சுழலும் பிடிக்கு வேண்டிய குண்டுப் போதிகை துவிச்சக்கர வண்டி திருத்தும் கடையிலேயே உண்டு. பணம் இங்குப் பெருந்தடையன்று.

காலமே தடை. ஒரு மாலைப்பொழுதிற் கருவியைச் செய்துவிடலாம். கோலைக் கிடையாகப் பிடித்து விட்டால், இரண்டு மூன்று வினாடியில் அது நிமிர்ந்து நிற்குமாறு அடிப்பாரத்தைத் திருத்துதற்கு மேலும் ஒரு மணிநேரம் போதும். ஆனால் முழங்காலைச் சற்று மடித்து, பாதத்தை மெல்ல ஊன்றி, கோலை இறுகப் பற்றாமல் நடக்க உடல் பழகுதற்குப் பல நாட்கள் செல்லும். பிரவுணே பட்டறைகள் நடத்தி இந்நடையைக் கற்பித்தார். நாளை மறுநாள் படத்தை ஒப்படைக்க வேண்டிய குழுவினர் வீதிக் காட்சிகளுக்குக் கோதாரின் நாற்காலியை இரவல் பெறுதல் நன்று. வரம்புக் காட்சியைக் கடைசி நாளுக்கு வைத்துக்கொண்டு, அதுவரை நாள்தோறும் காலையில் வெறுங்குழாயோடு வயலில் நடந்து பழகலாம்.