நரகாக்கினிக் கழகமும் துரைமார் கழகமும்

சப்பிரகமுவ மாகாணத்து இரத்தினபுரி, கேகாலைப் பகுதிகளிலே தேயிலையும் இறப்பரும் பரவிய காலத்தில், வெள்ளைத் துரைமார் கூடிக் களிக்கும் கழகங்களும் உடன் பரவின. தொழிலாளர் 'கிளப்பு' என்றழைத்த அவ்விடங்களில் ஏவலாளராகவன்றிச் சுதேசிகளுக்கு இடமிருந்ததில்லை. ஆங்கு நிகழ்ந்த குடியும் சூதும் பற்றிய கதைகள் பல. எனினும், குடியும் சூதுமா இத்தகைய கழகங்களின் பெருங்குற்றம்? இவ்வினாவுக்கு விடை காணப் பதினெட்டாம் நூற்றாண்டின் அயர்லாந்தை நோக்குதல் தகும்.

1735ஆம் ஆண்டளவில் றோஸ் பிரபு றிச்சாட் பார்சன்சும் ஓவியர் ஜேம்ஸ் வேர்ஸ்டேலும் டப்ளின் நகரில் 'நரகாக்கினிக் கழகம்' ஒன்றை நிறுவினர். இலண்டனில் வார்ற்றன் கோமகன் முன்னர் நடத்திய இதே பெயர்க் கழகம், 1721இல் அரசனின் பிரகடனத்தால் ஒடுங்கியிருந்தது. டப்ளின் கழகத்தார் தேசாதிபதியின் கோட்டைக்கு அண்மையிலிருந்த 'கழுகு' என்னும் தவறணையிலே கூடினர். உறுப்பினர் சிலரை வேர்ஸ்டேல் தீட்டிய ஓவியம் அயர்லாந்துத் தேசியக் கலைக்கூடத்தில் இன்றும் உளது. பட்டாடை அணிந்து மதுக் கிண்ணத்தைச் சூழ்ந்திருக்கும் அக்கனவான்களிடம் நரகத்தின் சாயல் ஏதும் தோன்றவில்லை!

நகருக்குத் தெற்கே மொன்ற்பீலியர் குன்றில், சபாநாயகர் வில்லியம் கொனொலி 1725 அளவிற் கட்டிய வேட்டை மாளிகையோடும் இக்கழகத்தின் பெயர் பிணைந்துள்ளது. பழங்காலச் சமாதியொன்றின் கற்களைப் பெயர்த்து அதனைக் கட்டினமையாற் பேய் சினந்து கூரையைப் பறக்கவிட்டதென்பர். பேய் சீட்டாட வந்தது, கருநிறப் பூனை அரியணையில் வீற்றிருந்தது என்றெல்லாம் கதைகள் வளர்ந்தன. 1738இல் பிரபுக்கள் சபையே மதநிந்தை பற்றி விசாரணை நடத்திற்று. தத்துவஞானி பேர்க்கிளி அத்திருச்சபை அத்தியட்சர் நிலையில் நின்று நீதவான்களுக்கு நூலொன்று எழுதினார். ஆயினும் பேயினும் கொடியதொன்று அதே ஆண்டிலே நிகழ்ந்தது.

அக்கழகத்தைச் சார்ந்தவர் எனப்படும் சான்றி பிரபு, 1738 ஆகத்தில் பாமேர்ஸ்ரவுண் ஊர்த் தவறணையிலே குடித்திருந்தார். யாதொரு பகையும் இல்லாத லாக்லின் மேர்பி என்னும் ஏவலாளனை அவர் வாளாற் குத்தினார். தவறணைக்காரனிடம் சிறிது பணம் கொடுத்துவிட்டு வெளியேறினார். மேர்பி சில வாரங்களின் பின் இறந்தான். 1739இல் சகபிரபுக்கள் விசாரித்துக் குற்றவாளியெனத் தீர்த்து மரணதண்டனை விதித்தனர். தீர்ப்பு அத்தோடு நின்றிருப்பின் சட்டத்தின் மாண்பு விளங்கியிருக்கும். உறவினரும் பிரபுக்களும் முயன்றனர்; மன்னன் மன்னிப்பளித்தான். பறிமுதலான சொத்தும் பின்னர் மீண்டது. டப்ளினுக்குக் குடிநீர் தரும் ஆற்றைத் திருப்பிவிடுவதாகப் பிரபுவின் மாமன் அச்சுறுத்தினான் என்பது மரபுச் செய்தி. மேர்பியின் பெயரைக் குன்றின் பேய்க்கதைகள் கூறுவதில்லை.

இவ்வயர்லாந்து நிலவுடைமை வர்க்கம் இலங்கைக்கு அயலானதன்று. 1872 முதல் 1877 வரை தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் கிறெகறி அவ்வர்க்கத்தவரே. குதிரைப் பந்தயச் சூதிலே தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தவர் அவர். கொழும்பு நூதனசாலை அவர் தந்த நற்பேறு. அயர்லாந்துப் பஞ்சக் காலத்தில், 1847இல், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்த குடியானவனுக்கு நிவாரணம் இல்லை என்னும் விதியைச் சட்டத்திற் புகுத்தியவரும் அவரே. சூதாடியதற்காகவன்றி அவ்விதிக்காகவே அயர்லாந்து மக்கள் அவர் பெயரைக் கசப்புடன் நினைத்தனர்.

மலைத்தோட்டங்களின் கணக்கும் இவ்வாறே பார்க்கற்பாலது. 1865ஆம் ஆண்டு 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை நீங்கிய தொழிலாளன் சிறை செல்ல நேர்ந்தது. அவன் கடனைக் குறித்த 'துண்டு' இன்றி வேறு தோட்டம் அவனை ஏற்காது. அம்முறை 1921இலேயே ஒழிந்தது. முறைப்பாடு செய்யும் துரையும் அதனை விசாரிக்கும் ஆங்கில நீதவானும் ஒரே கழகத்தில் ஒரே மேசையில் அமரக்கூடியவராயிருந்த காலம் அது. மது அருந்தியமையன்று, அம்மேசையே ஆராயத்தக்கது.

1941இல் புப்புரஸ்ஸப் பகுதியின் ஸ்ரெலன்பேர்க் தோட்டத்துத் துரை போப் கொல்லப்பட்டார். கொலை கொலையே, அதனை நியாயப்படுத்துதல் தகாது. சான்றி பிரபுவுக்குக் கிடைத்த மன்னிப்பு அவ்வழக்கிற் கிடைக்கவில்லை. வீராசாமி, வேலாயுதன் என்னும் தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டனர்.